டெல்பர்ட்டின் பயம்

"லவோன் உள்ளே வந்தாத்தான் ஆபரேஷன். இல்லேன்னா எனக்கு வேண்டாம்" என்றார் டெல்பர்ட். காலமெல்லாம் தானிய லாரி ஓட்டிய ஆறடி மனுஷன்.

எனக்கு எரிச்சல் வந்தது. கண்புரை ஆபரேஷனில் நோயாளி முழித்துக்கொண்டுதான் இருப்பார், ஆனால் பேசக் கூடாது. பேசினால் தலை அசையும். இருமல் வந்தால் நர்ஸின் கையை அழுத்தவேண்டும். எங்கள் க்ளினிக்கில் அந்தக் கை என்னுடையது. இவருக்கு அது போதாதாம், பெண்டாட்டி கைதான் வேண்டுமாம்.

டாக்டர் ஹால்வர்சன் ஆபரேஷனை நகரத்து சர்ஜரி சென்டரிலிருந்து தன் க்ளினிக்குக்கே கொண்டுவந்த புதிது. கண்ணாடி விற்கிற இடத்தில் கண்ணைக் கிழிப்பதா என்று ஊரே முணுமுணுத்தது. டெல்பர்ட் கேட்டது ஒன்றுதான், மனைவி பக்கத்தில் உட்காரலாமா என்று.

சென்டரில் அது நடக்காது. கூட வந்தவர் வாசலோடு சரி. அதற்காகவே தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அவருக்குக் கண் பாலாடை படர்ந்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்த மாதம் டிரைவிங் லைசென்ஸ் போய்விடும். அது போனால், வண்டி இல்லாமல் காலந்தள்ள முடியாத பண்ணை வீட்டை விட்டுவிட்டு ரெண்டு பேரும் முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டியதுதான்.

"இவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு இப்படிப் பயப்படுறீங்களே" என்றேன்.

"நான் பயந்தாங்கொள்ளிதான். ஊரெல்லாம் சொல்லிக்கோ" என்று சிரித்தார்.

நான் எதற்குச் சொல்லவேண்டும்? காபிக் கடையில் அவரே சொல்லிச் சிரித்துவிட்டு வந்திருந்தார். லாரிக்காரச் சிநேகிதர்கள் விடுவார்களா, ஓட்டித் தள்ளிவிட்டார்கள்.

டாக்டர் சரி என்றுவிட்டார். லவோன் பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுத்தவர். உதட்டுச்சாயம் பூசி, முத்துமாலை போட்டு, ராணி மாதிரி வந்தார். தொப்பியும் மேலங்கியும் மாட்டி ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

டெல்பர்ட் வீட்டுச் சட்டையோடே படுத்தார். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை, கண்ணில் சொட்டு மருந்து, அவ்வளவுதான். ஒரு கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகத்தைத் துணியால் மூடினோம். லவோன் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆபரேஷன் முடிகிற வரைக்கும் டெல்பர்ட்டின் கட்டைவிரல் லவோனின் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது. பயந்தவர் எதற்குத் தட்டிக்கொடுக்கிறார் என்று நான் யோசிக்கவில்லை.

நல்லபடியாக முடிந்தது. இனி வண்டி ஓட்டத் தடையிருக்காது என்றார் டாக்டர். லவோனைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

லவோன் என் காதோரம் சொன்னார்: "அந்தப் பெரியவர் பாவம்மா. துணைக்கு யாரும் இல்லை போலிருக்கு. அதான் நான் கையை விடவே இல்லை."

நான் டெல்பர்ட் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

லவோன் சுற்றுமுற்றும் பார்த்தார். உதடு நடுங்க ஆரம்பித்தது. "என் டெல்பர்ட் எங்கே? அவரைக் காணோம்னா எனக்குப் பயமா இருக்கும்."

"இதோ இருக்கேன் லவோன்." முகத்துத் துணியை விலக்கியதுமே டெல்பர்ட் கையை நீட்டினார். லவோன் அவர் முகத்தைப் பார்த்தார், அப்படியே போய் ஒட்டிக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

டெல்பர்ட் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "பயந்தாங்கொள்ளி நான்தான். ஊருக்கு அப்படியே இருக்கட்டும், என்ன?"