காலடி மண்

இளைய மருமகள் இந்துஜாவுக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் வீடே அவள் கட்டிலைச் சுற்றி நிற்கும். கூடவே கிறுகிறுப்பும் வரும். மாமியார் தைலம் தேய்ப்பாள். புருஷன் கடம்பூர் போளி வாங்கிவருவான். காய்ச்சலோடு மாவாட்டிய மூத்தவள் உமாதேவிக்கு அதைப் பார்த்து வயிறெரியும்.

அன்றைக்கும் அப்படித்தான். "எல்லாம் எதுத்த வீட்டுக்காரி கண்ணுதான். ஏட்டி உமா, அவ காலடி மண்ணு எடுத்திட்டு வா, சுத்திப் போடுவோம்," என்றாள் மாமியார்.

இவளுக்காக நான் தெருவில் போய்க் குனியணுமாக்கும் என்று, உமாதேவி முற்றத்தில் தான் நின்ற இடத்திலேயே வலது காலை நகர்த்தி, அதனடி மண்ணில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள்.

உப்பு, மிளகாயோடு மண்ணும் அடுப்பில் விழுந்தது. நெடியே இல்லை. ஒருத்தருக்கும் இருமல் வரவில்லை.

"பாத்தியாட்டி, எம்புட்டுக் கண்ணு!" என்றாள் மாமியார்.

அதிலிருந்து இந்துஜாவுக்குத் தலைவலி மட்டும்தான். அது வரும்போதெல்லாம் உமாதேவிக்குத் தரை சுழன்றது. சொல்லிப் பார்த்தாள். "அவளுக்கு வந்தா ஒனக்கும் வரணுமோ?" என்று சிரித்தார்கள். வலிக்காவது நெற்றியில் தைலம் தேய்க்கலாம். கிறுகிறுப்புக்கு எங்கே தேய்ப்பது?

ஐப்பசி மழை பெய்து வெறித்த ஒரு காலையில், குடத்தோடு கரிசல் முற்றத்தைக் கடந்து வந்தாள். உள்ளே இந்துஜா முனகினாள். தரை சுழன்றது. வாசலில் குடத்தை இறக்கிவிட்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஈர மண்ணில் அவள் தடம் வரிசையாக வந்திருந்தது. எல்லாமே இடது கால்.