முதல் கை

இதை நான் சொன்னால் எங்கேயாவது தப்பாகிவிடும் என்று பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை முன்னே பின்னே ஆனாலும் யாராவது ஒருவர் கெட்டவராகிவிடுவார். அதனால் படகிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் குப்பம் தோணிரேவுக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டி. என் வீட்டுக்கு வரும் சந்தின் வாயில், பக்கத்து வீட்டு சந்தியாகு அண்ணன் தன் படகைக் குறுக்கே ஏற்றி வைத்திருந்தார். பழுது பார்க்கிறாராம். ஒரு ஆணிகூட அடித்து நான் பார்க்கவில்லை.

என் மகள் சோபியாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. மழைக்காலம் வேறு. நேரம் கெட்ட நேரத்தில் வலி எடுத்தால் ஆட்டோ வாசல்வரை வராது. அந்தச் சேற்றில் அவள் வழுக்கிவிட்டால்?

கேட்கப் போனேன்.

"அண்ணே, படகை அந்தாண்ட தள்ளிக்கக் கூடாதா?"

"உனுக்கு இன்னா இப்போ?"

"பொண்ணு புள்ளத்தாச்சிண்ணே. வண்டி வர வேணாமா?"

"வலி வந்தா ஒரு குரல் குடு. கட்டிலோட தூக்கினு போறோம். நாங்க இன்னா செத்தா பூட்டோம்?"

"நல்ல நாள்லயே நாலு தடவை கூப்பிட்டாத்தான் எழுந்து வருவீங்க."

"படகு இங்கதான் நிக்கும். நீ போயி கொழம்பைப் பாரு, தீயிற வாசனை வருது."

ஓடிப்போய்ப் பார்த்தேன். குழம்பு தீயவில்லை.

சந்துக்குப் பின்னால் இருக்கும் நிலத்தில் ஹரிஹரன் சார் மனை போடுகிறார். கல் நட்டுக் கொடியும் கட்டியாயிற்று. என்னைப் பார்த்தால் அக்கா என்றுதான் பேசுவார்.

"முப்பதடி ரோடு இல்லன்னா மனைக்கு அனுமதி கிடைக்காதுக்கா. நான் போடுற ரோடு உங்க வாசல் வழியாத்தான் போகுது. ஆம்புலன்ஸே வந்து நிக்கும். அந்தப் படகு இருக்கறதால ஜேசிபி உள்ளே வர முடியல. நான் சொன்னா ஊர்ல கேக்க மாட்டாங்க. நீங்க சொல்லுங்க."

ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். பிள்ளைத்தாச்சிக்கு வழி விடாத மனுசன் என்று ஆளாளுக்கு ஏசினார்கள். சந்தியாகு அண்ணன் தலையைக் குனிந்து பீடி பற்றவைத்தார்.

தலைவர் தேவேந்திரன் முடித்துவைத்தார்.

"கரையேத்துன படகுல அதுக்குச் சொந்தக்காரங்க மொதல்ல கை வச்சாத்தான் மத்தவங்க தொடலாம். அது நம்ம ஊர்க் கட்டு. திங்கக்கெழமை படகுக்காரங்க வந்து கை வைக்கட்டும். மீதியை ஊரு தள்ளும்."

மறுநாள் தலைவரும் சந்தியாகு அண்ணனும் என் வீட்டுக்கு வந்தார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். தலைவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அண்ணன் தன் படகு தள்ளும் கழியை என் சமையல்கட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அவர் வீட்டில் இடமா இல்லை என்று எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை சந்து முழுக்க ஜனம். வெளியே ஜேசிபி. ஹரிஹரன் சாரின் ஆட்கள் அதற்குள் டேப் பிடித்து அளக்க ஆரம்பித்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் அவருடைய மதில். அங்கே தொடங்கிய டேப் சந்தைத் தாண்டி, என் வாசலைத் தாண்டி, சமையல்கட்டு ஜன்னல் வழியாக உள்ளே போய் அடுப்புக்கு அந்தப் பக்கம் முப்பதடியில் நின்றது. ஒருவன் சுவரில் சுண்ணாம்புக் கோடு இழுத்தான்.

"சார், இது என் வீடாச்சே."

"பட்டா இருக்காக்கா?" சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

குப்பத்தில் பாதிப் பேருக்கு ஏது பட்டா?

"உங்க மதிலைக் கொஞ்சம் உள்ள தள்ளிக்கலாமே சார்."

"அதுக்குப் பட்டா இருக்குக்கா."

படகு நகர்ந்தால் ஜேசிபி உள்ளே வரும். வந்தால் முதலில் போவது என் வீடு. பிள்ளைத்தாச்சியை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

"நேரமாகுது. சந்தியாகு, வந்து கை வைப்பா," என்றார் ஹரிஹரன் சார்.

அண்ணன் அசையவில்லை. "நான் எதுக்கு சார் வைக்கணும்? படகு என்னுது இல்லியே."

"பின்ன யாரோடது?"

தலைவர் என் சமையல்கட்டைக் காட்டினார். "கழி யார் வூட்ல நிக்குதோ அவங்களுது. நான்தான் சாட்சி. ரோசி, அது உன் படகும்மா."

கழியைக் கொடுத்தால் படகையே கொடுத்த மாதிரி. அது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை எனக்கு ஒருவர் கொடுப்பார் என்பதுதான் எனக்குத் தெரியாது.

அண்ணனிடம் போனேன். "வூடு போவும்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லி இருக்கலாமேண்ணே?"

"சுண்ணாம்புக்குளத்துல என் தங்கச்சி வூட்டையும் இப்டித்தான் அளந்து இடிச்சானுங்க. உன்னாண்ட சொன்னா நீ தூங்குவியா? அந்தப் பொண்ணைத்தான் தூங்க வுடுவியா?"

"அதுக்காகப் படகையே குடுப்பீங்களா? பொழப்புக்கு இன்னா பண்ணுவீங்க?"

"தம்பி படகுல ஏறிக்கிறேன்." குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆளு டெய்லி வூட்டுக்கு வந்து ஆசை காட்றாரு ரோசி. என் படகா இருந்தா என்னிக்காவது நானே கை வச்சுடுவேன். அதான்."

ஹரிஹரன் சார் பக்கத்தில் வந்தார். "அக்கா, நீங்க கேட்ட ரோடுதானே. சும்மா ஒரு விரல் வச்சாப் போதும்."

யாராவது கொஞ்சம் அதட்டினால் எதற்கும் தலையாட்டிவிடுகிறவள் நான். அதனால் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் விட்டுச் சுற்றிக்கொண்டு, சோபியாவைக் கூப்பிட்டு, பின்பக்கமாக இறுக்கி முடிச்சுப் போடச் சொன்னேன்.