பிடிமானம்

“நூறு கிலோவுக்கு மேல இருந்தா இங்க பிரசவம் பாக்க மாட்டோம். மதுரைக்குத்தான் போகணும்” என்றாள் பேரையூரில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி நர்ஸ்.

எடை மெஷினில் ஏறிய அழகுமீனாவுக்கு வயிற்றைத் தாண்டித் தன் பாதமே தெரியவில்லை. விழுந்துவிடாமல் அம்மா சோலையம்மாள் பின்னால் ஒட்டி நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நூத்தி மூணு.”

சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். “தலைப்பிரசவத்த என் வீட்டுல பாக்கக் குடுத்து வைக்கலையே! திருப்பரங்குன்றத்துக்கே போயிரு தாயி, ஒன் மாமியா பாத்துக்கிருவாக.”

அழகுமீனாதான் தேற்றினாள். ‘அவ பிரசவத்துக்கு வந்தா நான் கெளம்பிருவேன்’ என்று அம்மா வீட்டில் குதித்துக்கொண்டிருந்த மதினிக்கு இனி நிம்மதிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில் மெஷினில் ஏறியதும் மாமியார் ஓடிவந்து பிடித்தாள்.

“தள்ளி நில்லுங்கம்மா!” நர்ஸ் அதட்டினாள். “சேலைக்குள்ள ஒங்க காலு மெஷின் மேல இருக்கு. எடை கூடக் காட்டுதுல்ல?”

மாமியார் விலகினாள். தொண்ணூற்றாறு.

செல்போன் அடித்தது.

“எம்புட்டுடி இருக்கு?” என்றாள் சோலையம்மாள்.

“கொறஞ்சிருச்சும்மா. இங்க பின்னால நீ நிக்கலேல்ல.”

சோலையம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஒன் மதினி பக்கத்துல இருக்கா. பெறகு பேசுறேன்” என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.