ரேம் போதவில்லை

"அன்றாட வேலைக்குத்தானேம்மா? இருக்கற ரேமே தாராளம். வீணா செலவு பண்ணாதீங்க."

கடைக்காரர் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, உள்ளே ஊதி, தூசியைத் துடைத்துவிட்டு இப்படிச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

வாங்க வந்தவளை வாங்காதே என்கிற கடைக்காரரை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

ரேம் போதவில்லை என்று சொன்னது அவள் மகன். கம்ப்யூட்டரைத் தட்டித்தான் அவன் வயிற்றுப்பாடே நடக்கிறது. அவனுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்துவிடப் போகிறதா?

பாட்டு கேட்பாள். செய்தி படிப்பாள். அதற்கெல்லாம் லேப்டாப் ஒரு குறையும் வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மகனிடம் பேசும்போதுதான் அதற்கு வாதம் வந்துவிடும்.

வாய் பாதி திறந்தபடி அவன் முகம் அப்படியே நின்றுபோகும். அப்புறம் இணைப்பு அறுந்துவிடும். கொஞ்ச நேரத்தில் செல்போனுக்குச் செய்தி வரும்: 'உன் லேப்டாப்தான்மா. ரேம் மாத்து.'

அவள் கேட்க நினைத்ததோ ஒரே ஒரு வாக்கியம்.

மூட்டு ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. துணைக்கு ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவன் வந்து இருக்க வேண்டும். அந்த வாக்கியம் பாதி தாண்டுவதற்குள் படம் நின்றுவிடுகிறது.

எழுதி அனுப்பலாம்தான். பெற்ற பிள்ளையிடம் துணைக்கு வா என்று எழுதியா கேட்பது? முகத்தைப் பார்த்துத்தான் கேட்பேன் என்று பிடிவாதம்.

"நம்பலைன்னா இப்பவே காட்டறேன்" என்றாள். கடைப்படி ஏறிய முழங்கால் இன்னும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

அவளுடைய லேப்டாப்புக்குத் திரையும் மங்கல், தொண்டையும் கட்டு. கடைக்காரர் அடிமூடியைத் திரும்பப் பூட்டி, அதைக் கடையின் பெரிய திரையோடும் ஸ்பீக்கரோடும் இணைத்துக் கொடுத்தார்.

மகன் வந்தான். இளைத்துவிட்டான் என்று அவளுக்குப் பட்டது. எந்த ஞாயிற்றுக்கிழமை படாமல் இருந்தது?

"சொல்லும்மா."

"ஒண்ணுமில்லடா. அந்த ஆபரேஷன் விஷயம். துணைக்கு ஆள் வேணுங்கறாங்க. நீ கொஞ்ச நாள் வந்து..."

நின்றுவிட்டது.

"பாத்தீங்களா!" என்று கடைக்காரர் பக்கம் திரும்பினாள். கேஸில் ஜெயித்தவளின் குரல்.

கடைக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள்.

மகன் உறைந்துதான் போயிருந்தான். அவனுக்குப் பின்னால், சுவரில் மாட்டிய ஏதோ நீலப் படம் என்று இத்தனை நாள் அவள் நினைத்திருந்தது ஒரு மீன்தொட்டி. அதிலிருந்த சிவப்பு மீன் அவனுடைய ஒரு காதுக்குப் பின்னால் மறைந்து, மறு காதுப் பக்கமாக வெளியே வந்தது.

அவசரமில்லாமல் திரும்பியது. மறுபடியும் மறைந்தது.

ஸ்பீக்கரில் தொட்டியின் காற்றுக்குமிழிகள் குபுகுபுவென்று கேட்டன.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலை நரைத்தவள் அவள். அடுத்தவர் பிள்ளைகளையெல்லாம் அவரவர் அம்மாக்களோடு இணைத்துவிட்டவள். அறுந்துபோன லைன் எது, மறுமுனையில் ஆள் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் லைன் எது என்று அந்தக் காதுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சின்ன வயதில் சிலை விளையாட்டில் அவனை ஒருவராலும் அடித்துக்கொள்ள முடியாது. ஈ வந்து உட்கார்ந்தாலும் அசைய மாட்டான். கிச்சுகிச்சு மூட்டினால் மட்டும் தோற்றுப்போவான். மூட்டுகிறவள் எப்போதும் அவள்தான்.

பெற்ற மனம் பித்து என்பார்கள். பழமொழியின் மறுபாதியை அவள் மனதுக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

திரையில் அவனுக்குக் கண் கரித்திருக்க வேண்டும். ஒருமுறை இமைத்துவிட்டான். உடனே இணைப்பு அறுந்தது.

கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அழுக்கே இல்லாத அதைத் துணியால் துடைத்தார். சற்று முன் சொன்னதை அப்படியே விழுங்கிவிட்டு, மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க சொன்னதுதாம்மா சரி. ரேம் பத்தலை. மாத்திடலாம்."

நல்ல மனிதர். பொய்தான் சரியாக வரவில்லை.

அவள் யோசித்தாள். புது ரேம் போட்டாகிவிட்டது என்றால், அப்புறம் அவன் எதன் மேல் பழியைப் போடுவான்? போட ஒன்றும் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை அவன் எடுக்கவே மாட்டான்.

"வேண்டாம் தம்பி, இப்படியே இருக்கட்டும்" என்றாள். லேப்டாப்பைப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். "ஆஸ்பத்திரியில சம்பளத்துக்குத் துணை இருக்கறவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

படி இறங்குவதற்குள் மகனின் செய்தி வந்துவிட்டது. 'பாத்தியா, மறுபடியும் நின்னுடுச்சு. ரேம் மாத்தினியா இல்லையா?'

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

'கடையில கேட்டுட்டேன்டா கண்ணா. ரொம்பப் பழைய மாடலாம். இதுக்கு ரேமே கிடைக்காதாம்.'

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. உடனே வந்தது.