நீல மூடி

காலையில் எழுந்தான். குளித்தான். ஆறிப்போன காபியைக் குடித்தான். பஸ் பிடித்து ஆய்வகம் வந்து கையுறை மாட்டி, ஃப்ரீசரிலிருந்து இரண்டு ட்யூப்களை எடுத்து ஐஸில் வைத்தான். இன்றைக்காவது இது முடிந்தால் தேவலை.

ஒன்று சிவப்பு மூடி, ஒன்று நீல மூடி. இரண்டிலும் மனிதக் கல்லீரலில் இருக்கும் அதே நொதிதான். விழுங்கிய மருந்தை உடைத்து உடம்பை விட்டு வெளியேற்றுவது அதன் வேலை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே முறையில், அதற்கான ஜீனைப் பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்துப் பிரித்தெடுத்திருந்தான்.

சிவப்பு மூடி ஒவ்வொரு முறையும் மருந்தைத் தின்று தீர்த்தது. நீல மூடி ஒருமுறைகூடத் தொடவில்லை.

“கல்லுல நார் உரிக்கிற,” என்றான் பக்கத்து மேஜைக்காரன். “அந்த நீல மூடியை விட்டுத் தொலையேன். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?”

செல்போன் அதிர்ந்தது. மாமியார். மகள் இறந்ததிலிருந்து தினமும் காலையில் கூப்பிடுகிறாள். தினமும் ஒரே கேள்வி.

“மாப்ள, என் பொண்ணு உயிரை மாய்ச்சுக்கிற அளவுக்கு அந்த வீட்டுல என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல, அத்தை.”

“ஒண்ணும் நடக்காமயா ஒருத்தி போவா? ஊருக்குச் சொல்ல வேணாம். பெத்தவளுக்காவது சொல்லுங்க.”

வைத்துவிட்டாள்.

பிறகு இரண்டு ட்யூபிலும் மருந்தை விட்டான். கலக்கினான். உடம்புச் சூட்டில் வைத்து எடுத்தான். எவ்வளவு மருந்து மிச்சம் என்று அளக்கும் இயந்திரத்தில் ஏற்றினான்.

துறைத்தலைவி பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். சிவப்பு மூடியில் மருந்து காலி. நீல மூடியில் விட்டது விட்டபடி.

“இன்னைக்கும் முட்டை,” என்றார். “எனக்குப் பொறுமை போயிடுச்சுப்பா. செய்முறையில எங்கயோ கோட்டை விடற.”

“செய்முறை சரிதான், மேடம். சிவப்பு மூடியும் நான் செஞ்சதுதான்.”

“அப்ப ஜீன்ல கோளாறு. தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்கு. நான் கையெழுத்துப் போடறேன்.”

“நல்லது வேணாம், மேடம்.”

“பிடிச்ச முயலுக்கு மூணே கால். சாயங்காலத்துக்குள்ள ஃப்ரீசரைக் காலி பண்ணிடு, அவ்வளவுதான். யாரு குடுத்த ஜீன் இது, இப்படிக் கட்டிக்கிட்டு அழற?”

அவன் கையுறையைக் கழற்றினான்.

“என் வீட்டுக்காரியோடது. சீப்புல வேரோட சிக்கியிருந்த முடியிலேர்ந்து படிச்சு, அதே மாதிரி செஞ்சேன்.”

துறைத்தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ட்யூபில் விட்ட மருந்தின் பெயரைத் திரையில் இப்போதுதான் கவனித்தார். அவன் மனைவிக்கு முதுகுவலிக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. இறந்த பிறகு அவள் ரத்தத்தில் அது அளவுக்கு மீறி இருந்தது. மொத்தமாக விழுங்கிவிட்டாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

“அப்படின்னா மருந்து வெளியவே போகல,” என்றார் மெதுவாக. “நாளுக்கு நாள் உள்ளயே சேர்ந்துக்கிட்டு இருந்திருக்கு.”

அவன் தலையாட்டினான். மாமியாரைக் கூப்பிட்டான்.

“அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போற வழியில அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னா. டாக்டர் நம்பல. போலீஸ் நம்பல. அது நிஜம்.”

“என்ன சொன்னா?”

“‘தினம் ஒண்ணுதாங்க போட்டேன்.’”