ரேகை விழுந்த விரல்

கொத்தனாரின் கைரேகையைச் சிமெண்ட் தின்று வெகுநாளாகிறது. அடையாள அட்டை அலுவலகத்துக்குச் சுவர் எழுப்பியவரே அவர்தான். ரேகை பார்க்கும் எந்திரத்துக்கு அதெல்லாம் தெரியுமா? இந்த நாட்டுக்காரர் இல்லையென்று ஒன்பது முறை திருப்பியனுப்பிவிட்டது. அப்பாவின் அட்டை இல்லாமல் மகளுக்குப் பள்ளியில் இடமில்லை. பத்தாவது முறையும் போனார்.

"காலையிலேயே வாங்கிட்டுப் போனீங்களே அண்ணே, மறந்துட்டீங்களா?" என்றாள் எழுத்தர். பதிவேட்டில் அவர் படம், அவர் கையெழுத்து.

வீட்டுக்கு ஓடினார். வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. காலிலும் அதே செருப்பு.

மனைவி கதவைப் பாதி திறந்தாள். அவரைக் கண்டதும் கண்கலங்கினாள்.

"சத்தம் போடாதீங்க. உள்ள சாப்பிட்டுக்கிட்டிருக்காரு. பொண்ணுக்கு இடம் கிடைச்சிருச்சு."

"ரேகை விழுந்துச்சாமா?"

"அழகா விழுந்துச்சாம்."

கொத்தனார் படியிறங்கினார். பிறகு திரும்பி, "அந்தாளைச் சிமெண்ட் வேலைக்கு மட்டும் அனுப்பிடாத. விரலு போயிடும்" என்றார்.