வராத விருந்தாளிகள்

“இன்னும் எவ்வளவு நேரம்தான் அந்தக் காலி நாற்காலிகளையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே? எடுத்து அடுக்கிடட்டுமா?” என்றார் டயர் கடைக்காரர்.

மனைவிக்கு வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

புது வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தெருவையே டீக்கு அழைத்திருந்தாள். எல்லாம் பங்களாக்கள். ஆள் உயரத்துக்கு மேல் மதில், அதைவிட உயரமாக இரும்பு கேட். ஒவ்வொரு கேட்டாகப் போய், சுவரில் பதித்த பெட்டியிடம் பேசித்தான் அழைக்க முடிந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலும் “கட்டாயம் வர்றோம்” என்றது.

ஒரு ஈ காக்கா கூட எட்டிப் பார்க்கவில்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. வருபவர்களுக்காகப் போட்ட பாட்டு மட்டும் ஹாலில் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

“கேட்டைத் திறந்து வெச்சிட்டு வாசல்ல நிப்போம்னு சொன்னேன். நீங்க கேட்டாத்தானே?”

“இது என்ன நம்ம பழைய தெருவா? இங்க கேட்டைத் திறந்து போட்டா, நாகரிகம் தெரியாத ஜனம்பாங்க. வர்றவங்க பெல் அடிப்பாங்க. என் போன்ல சத்தம் கேக்கும், நான் அமுக்கினா கேட் திறக்கும். அதுதான் இங்க முறை.”

“அடிச்சாங்களா?”

அவர் பேச்சை மாற்றினார். “பஞ்சர் ஒட்டி முன்னுக்கு வந்தவன் வீட்டுல டீ குடிச்சா இவங்க கௌரவம் என்னாகிறது? வீடு பெருசா இருந்து என்ன, மனசு இல்லையே!”

“எனக்கு இந்த வீடு வேண்டாங்க. வித்துடுங்க. பழைய இடத்துக்கே போயிடலாம். அங்க நான் ரெண்டு தடவை இருமினாலே மாடி வீட்டு அக்கா ஓடி வந்து என்னாச்சுன்னு கேப்பாங்க. இங்க எனக்கு ஒண்ணுன்னா அந்தப் பெட்டிகிட்டதான் போய்ச் சொல்லணும்.”

அவர் பாதி ஆயுளை டயர்களோடு உருட்டி வாங்கிய வீடு. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

“சரி. காலையில புரோக்கர்கிட்ட பேசறேன்.”

காலையில் அவர் போனில் புரோக்கர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் செருப்பை மாட்டினாள்.

“எங்க கிளம்பிட்டே?”

“காலி பண்றதுக்கு முன்னாடி, எதிர்வீட்டுல நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன். நீங்களும் வாங்க.”

எதிர்வீட்டுக் கண் டாக்டரம்மா காரில் ஏறப் போனவர், இவர்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

“வர முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டாக்டர்? இப்படித் தெருவே சேர்ந்து எங்களை அவமானப்படுத்திட்டீங்களே!”

“வரலையா? நல்லா இருக்கே கதை! தெருவே வந்து உங்க வாசல்ல நின்னோமே! பெல் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சதுதான் மிச்சம். கேட்டைத் தட்டியும் பாத்தாச்சு. உள்ளே பாட்டுச் சத்தம்தான் கேட்டுச்சு.”

அவள் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் அவசரமாகப் போனை நோண்டினார். முகம் வெளிறியது.

“சாமான் இறக்கின அன்னிக்கு ஆளாளுக்கு பெல் அடிச்சு உயிரை வாங்கினாங்களா... போன்ல பெல் சத்தத்தை மியூட்ல போட்டேன். திரும்ப மாத்த மறந்துட்டேன்.”

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டாக்டரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ! உங்களையெல்லாம் தெருவுல நிக்க வெச்சிட்டு, உள்ளே உக்காந்து உங்களையே திட்டிக்கிட்டு இருந்தோமே!”

“நாங்க மட்டும் சும்மா இருந்தோமா? பாட்டு போட்டுக்கிட்டு கேட்டைத் திறக்க மாட்டேங்கிறாங்களே, என்ன திமிர்னு நானே சொன்னேன். கடைசி வீட்டு பைலட்டோட சம்சாரம்தான், ‘பாவம், புதுசு. திறக்கத் தெரியாம உள்ளே தவிச்சுக்கிட்டு இருப்பாங்க. கொஞ்சம் இருந்து பாப்போம்’னாங்க. சரின்னு நின்னோம். எவ்வளவு நேரம்தான் பேசாம நிக்கிறது? ‘நீங்க எந்த வீடு?’ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்க ஆரம்பிச்சோம். என் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவர் ரிட்டயர்டு ஜட்ஜாம். எனக்கு நேத்துதான் தெரியும்! ரோட்டைத் தாண்டி வர்றதுக்கு கார்ல வந்திருந்தார் மனுஷன். அந்த கார் பானெட் மேலயே, உங்களுக்குக் கொண்டு வந்த கேக்கை வெட்டி எல்லாரும் தின்னு தீர்த்துட்டோம்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“எத்தனையோ வருஷமா இந்தத் தெருவுல இருக்கோம். எல்லாரும் ஒண்ணா நின்னு சிரிச்சது நேத்துதாம்மா.”

“அப்போ புரோக்கருக்கு...?” என்று மெல்ல இழுத்தார் டயர் கடைக்காரர்.

“நீங்க சும்மா இருங்க!” என்று அவரை அடக்கினாள் மனைவி. “டாக்டர், இன்னிக்குச் சாயங்காலம் எல்லாரும் மறுபடி வரணும். இந்தத் தடவை கேட்டை அகலத் திறந்து வெச்சிட்டு நானே வாசல்ல நிக்கறேன்!”

“ஐயையோ, அதை மட்டும் செஞ்சுடாதீங்க!” என்று பதறினார் டாக்டரம்மா. “கட்டாயம் வர்றோம். ஆனா பெல் அடிச்சதும் திறந்துடாதீங்க. கொஞ்ச நேரம் வெளியே நின்னு பேசிட்டு வர்றோம்.”